ஒரு நாள் குஞ்சும் ஒரு பொட்டிதட்டியின் புலம்பலும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ், அந்த ரிலீஸ்ல விழுந்த ஓட்டையை அடைக்க இன்னொரு ரிலீஸ்னு நாலு மாசம் ஓடிப் போச்சு. இன்னைக்கும் எழுதுற எண்ணம் இல்லை. எழுத வச்சது பக்கத்து சீட்டு நண்பர் ஒருத்தர்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு வர்றப்ப கேட்டார். "மச்சி, ஊர்ல அம்மா சும்மாதான் இருக்காங்க. 100 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விடலாம்னு இருக்கேன். நீதான் முன்னாடி வாங்கினியே, எங்க வாங்கின? நம்பர் குடேன்."

நம்பர் கொடுக்கல. "வாங்காதே"ன்னேன். ஏன்னார். லிஃப்ட் வந்துடுச்சு. அஞ்சு மாடி ஏறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல சொல்ல வந்ததைச் சொல்லிடறேன், நடுவுல எழுந்து போறவங்களுக்காக. வீட்டுக் கொல்லையில பத்து இருபது கோழி வளர்க்கிற ஆளுக்கு, மெஷின்ல பொரிச்ச ஒரு நாள் குஞ்சை விக்கிறது அநியாயம். வாங்குறது முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்தை நான் செஞ்சேன். அதுக்கான விலையை எங்கம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் கொடுத்தாங்க.

எனக்கு ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்துல ஒரு குப்பம். பழவேற்காடுன்னா உங்களுக்கு பூநாரையும் டச்சுக்காரன் கல்லறையும் ஞாபகம் வரும். ஞாயித்துக்கிழமை கேமராவைத் தூக்கிட்டு வந்து, இறால் வறுவல் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவீங்க. தப்பில்லை. ஆனா அந்த ஏரியை நம்பி இருக்கிறவன் பொழப்பு முகத்துவாரத்தை நம்பி இருக்கு. மணல் வந்து வாயை அடைச்சிடுச்சுன்னா கடல் தண்ணி உள்ள வராது, இறால் வராது, வலை காஞ்சு கிடக்கும். அந்த மாதிரி மாசங்கள்ல வீட்டுல அடுப்பு எரியறது பொம்பளைங்க கைச் சம்பாத்தியத்துலதான். எங்கம்மா இருபத்தஞ்சு வருஷம் கூடையில மீன் சுமந்து வித்தவங்க. முட்டி தேஞ்சு போச்சு. டாக்டர் சுமை தூக்கக் கூடாதுன்னுட்டார். "சும்மா குந்திக்கினு இருக்க சொல்லோ பைத்தியம் புடிக்குதுடா"ன்னாங்க.

நமக்குத்தான் எதுக்கெடுத்தாலும் ஒரு சொல்யூஷன் இருக்குமே! ராத்திரி உக்காந்து யூட்யூப்ல பதினேழு வீடியோ பார்த்தேன். எல்லாத்துலயும் ஒரு அண்ணன் வெள்ளைச் சட்டையில நின்னு "50 குஞ்சு, ஆறே மாசம்"ன்னு பேசுறார். எக்செல் ஷீட் ஒண்ணு போட்டேன். 50 குஞ்சு, இழப்பு 10 சதவீதம், மீதி 45, ஒரு கோழி இவ்வளவு, முட்டை இவ்வளவு. அந்தப் பத்து சதவீதத்தை எங்க இருந்து எடுத்தேன்னு கேக்காதீங்க. ப்ராஜெக்ட் எஸ்டிமேட்ல நாங்க எப்பவும் எடுக்கிற அதே இடத்துல இருந்துதான்.

இத்தனைக்கும் எங்க வீட்டுல ஏற்கெனவே நாலு கோழி இருந்தது. ஆயா காலத்துல இருந்து வழிவழியா வந்த கோழிங்க. வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை போடும், நடுவுல அடை உக்காரும். ஆயா ஒரு பழைய கூடையில மணலைக் கொட்டி, பன்னெண்டு முட்டை அடுக்கி, ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு கரி, ஒரு காஞ்ச மொளகா வைப்பாங்க. இடி இடிச்சா முட்டை கெட்டுடாதாம். இருபத்தொரு நாள்ல ஒன்பது பத்து குஞ்சு வெளிய வரும். அப்புறம் அதுங்க பாட்டுக்கு அம்மா பின்னாடி திரியும். நாங்க யாரும் அதுக்கு பல்பு போட்டதில்லை, டெம்பரேச்சர் பார்த்ததில்லை. நானோ இஞ்சினியரிங் படிச்சவன். "என்னம்மா வருஷத்துக்கு இருபது குஞ்சு? ஸ்கேல் ஆகாது"ன்னேன். இதை நினைச்சா இப்பவும் என் மண்டையில நானே குட்டிக்கணும் போல இருக்கு.

மேற்கு மாவட்டத்துல ஒரு வியாபாரி. பேரு வேண்டாம், ஏன்னா இவர் ஒருத்தர் இல்லை, இவரை மாதிரி ஏகப்பட்ட பேர். "ஒரிஜினல் சிறுவிடை சார், எல்லா ஊசியும் போட்டாச்சு சார், ஒரு குஞ்சு 45 ரூபாய், ராத்திரி பஸ்ல ஏத்திவிட்டா காலையில சென்னை." 2024 நவம்பர் கடைசி வாரம். வங்கக்கடல்ல புயல் வருதுன்னு எல்லா டிவியிலயும் ஓடுது. அம்மா போன்ல, "கூண்டு ஏத்திக்கீறாங்கடா, மழை வுட்டதும் வாங்கலாம்"னாங்க. வியாபாரிகிட்ட கேட்டேன். "பொரிச்சாச்சு சார், இன்னைக்கே ஏத்தணும், வச்சிருக்க முடியாது"ன்னார்.

அவர் சொன்னது உண்மைதான், அதுலதான் மொத்த வியாபாரமும் இருக்கு. கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கும். அதை வச்சு ரெண்டு மூணு நாள் தீனி தண்ணி இல்லாம உயிரோட இருக்கும். அடைக்கோழி மிச்ச முட்டையும் பொரியட்டும்னு எழுந்திருக்காம உக்காந்திருக்குமே, அந்த நேரத்துக்காக இயற்கை கொடுத்த கட்டுச்சோறு அது. நம்மாளுங்க அதையே பார்சல் சர்வீஸுக்குத் தோதா ஆக்கிட்டாங்க. அந்த ரெண்டு நாளுக்குள்ள குஞ்சு அவர் கையை விட்டுப் போயிடணும். போச்சுன்னா, அதுக்கப்புறம் செத்தா நம்ம கணக்கு. வெயில், சூடு, தீனி, ஊசி, கரண்ட் பில்னு செலவு எல்லாமே மூணாம் நாள்ல இருந்துதான் ஆரம்பிக்குது. அந்த நாலு வாரச் செலவையும் நாலு வார சாவையும் எங்கம்மா தலையில கட்டிட்டு, அவர் அடுத்த தட்டு முட்டையை மெஷின்ல வைக்கப் போயிட்டார்.

28-ஆம் தேதி வியாழக்கிழமை காலையில ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு, அட்டைப்பெட்டியை மடியில வச்சுக்கிட்டு பொன்னேரியில பஸ் மாறி ஊருக்குப் போனேன். 50-க்கு ரெண்டு இலவசம், ஆக 52. பிரிச்சுப் பார்த்தா மூணு ஏற்கெனவே விறைச்சுக் கிடந்தது. அம்மா பெட்டியை எட்டிப் பார்த்துட்டு, "இன்னாடா இது, கோழியே இல்லாம கோழிக்குஞ்சு"ன்னாங்க. நான் சிரிச்சேன்.

மூணு நாளைக்கு லீவு. எல்லாம் ப்ளான்படி. வீடியோவுல "பல்பு போடுங்க, குஞ்சுக்கு ரெண்டு வாட்"ன்னு சொல்லியிருந்தாங்க. கடையில குண்டு பல்பு இல்லை, இப்ப எங்க கிடைக்குது? ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு பத்து வாங்கிட்டு வந்து மாட்டினேன். வெளிச்சம்னா வெளிச்சம், கல்யாண மண்டபம் மாதிரி! எல்.இ.டி.யில கூண்டு சூடாகிற அளவுக்கு வெப்பம் வராதுங்கிறது ராத்திரி ரெண்டு மணிக்கு, குஞ்சுங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்துறப்பதான் உறைச்சது. நான் பி.இ. முதல் வகுப்புங்க. அவ்வ்வ்வ்... எதிர்வீட்டு அத்தைதான் எழுந்து வந்து, ஒரு பானையில கரி நெருப்பு போட்டு, சாம்பலை மூடி நடுவுல வச்சாங்க. அன்னைக்கு ரெண்டுதான் போச்சு.

முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேணும். அப்புறம் வாரத்துக்கு அஞ்சஞ்சு டிகிரியா குறைச்சுட்டு வரணும். குஞ்சு மேல இருக்கிறது இறகு இல்லை, பஞ்சு. அதால சொந்தச் சூட்டைக் காப்பாத்திக்க முடியாது. இந்தச் சூடு அடைக்கோழியோட றெக்கைக்குள்ள இலவசமா கிடைக்குது, கரண்ட் போனாலும் கிடைக்குது. எங்க வீட்டுல கரண்ட் சனிக்கிழமை விடியக்காலம் போச்சு. 30-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த அன்னைக்கு. எங்க ஊர்ல காத்தும் மழையும் கொட்டுது. கூரை ஒரு மூலையில ஒழுகுது, கரி நனைஞ்சு போச்சு. குஞ்சுங்களைப் புடவையில சுத்தி அம்மா மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. காலையில எண்ணிப் பார்த்தோம். 14.

அம்மா ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்தது.

அடுத்த வாரம் நான் ஆபீசுக்கு வந்துட்டேன். குஞ்சு கழியுதுன்னு போன் வந்தது. ஆறு செத்துச்சு. பொன்னேரிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட போன்ல பேசினப்ப அவர் முதல்ல கேட்டது, "என்ன தண்ணி வைக்கிறீங்க?" எங்க ஊர்ல அடிபம்புத் தண்ணி உப்பு. குடிக்கிறதுக்கு கேன் தண்ணி. மனுஷன் குடிக்கக் காசு கொடுத்து வாங்குற தண்ணியைக் கோழிக்கு எவன் வைப்பான்? அம்மா அடிபம்புத் தண்ணிதான் வச்சிருக்காங்க. போதாததுக்கு, சத்துன்னு நினைச்சு கருவாட்டுத் தலையை இடிச்சு தீனியில கலந்திருக்காங்க. வளர்ந்த கோழி எதையோ தின்னு எப்படியோ சமாளிச்சுக்கும். ஒரு வாரக் குஞ்சு உப்பைத் தாங்காது. உப்புப் போடாத மீன் கழிவுன்னா பரவாயில்லையாம், கருவாடு வேண்டாமாம். கடலோரத்துல குஞ்சு வளர்க்கிறவனுக்கு முதல்ல சொல்ல வேண்டிய விஷயம் இது. பதினேழு வீடியோவுல ஒருத்தரும் சொல்லல. அவங்க ஊர்ல தண்ணி இனிப்பு.

இது வரைக்கும் நடந்தது முட்டாள்தனம், நான் என் காசைத் தொலைச்சேன், விடுங்க. இனிமேதான் மேட்டரே.

மிச்சம் 27. பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடி, ஒரு குஞ்சு கழுத்தைத் திருகிக்கிட்டு நின்னுது. அப்புறம் பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட்னு சொல்வாங்க, இமயமலைப் பக்கம் இருக்கிற ஒரு ஊரோட பேரு. ஊசி போடாத கோழிக்கூட்டத்துல புகுந்தா துடைச்சு எடுத்துட்டுப் போயிடும். வந்த பிறகு மருந்து கிடையாது. ஒரே வாரத்துல 20 குஞ்சு போச்சு. எங்க பழைய நாலு கோழியும் போச்சு. எதிர்வீட்டு அத்தையோட ஆறு கோழியும் போச்சு.

அந்த அத்தைக்கு புருஷன் இல்லை. ரெண்டு பொண்ணுங்க. முட்டை வித்த காசை ஒரு டப்பாவுல போட்டு வச்சு, குழு லோனுக்கு வாரத் தவணை கட்டுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வந்து என் குஞ்சுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தவங்க. நோய் என் பார்சல்ல வந்ததா, ஊர்ல ஏற்கெனவே இருந்ததான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா ஊசி போடாத 27 குஞ்சைத் தெருவுல கொண்டுவந்து இறக்கினவன் நான். அம்மா தன்னோட காசுல இருந்து ஆறு கோழிக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. அத்தை வாங்கல. "வுடுக்கா, நம்ம புள்ள தெரியாம செஞ்சிட்ச்சி"ன்னாங்களாம். ரெண்டு மூணு மாசம் அவங்க முகத்தைப் பார்க்காம ஊருக்குப் போய்ட்டு வந்துட்டிருந்தேன்.

வியாபாரிக்கு போன் போட்டேன். "எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு சொன்னீங்களே?" "போட்டோம் சார், முதல் நாளே போட்டோம்." இங்கதான் மக்களே, கவனமா கேளுங்க. ஒரு நாள் குஞ்சுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கவே முடியாது! முதல் நாள் பொரிப்பகத்துல போடுறது மேரக்ஸ் நோய்க்கான ஊசி, அதுவும் ஒழுங்கான பொரிப்பகமா இருந்தா. வெள்ளைக்கழிச்சலுக்கு அஞ்சுல இருந்து ஏழாம் நாளுக்குள்ள கண்ணுலயும் மூக்குலயும் ஒரு சொட்டு. ரெண்டாவது வாரம் கம்போரோ நோய்க்கு. நாலாவது வாரம் திரும்ப வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா. எட்டாவது வாரம் றெக்கையில ஊசி. அதாவது எல்லாமே பார்சல் நம்ம கைக்கு வந்ததுக்கு அப்புறம் வர்ற தேதிகள். "எல்லா ஊசியும் போட்டாச்சு"ங்கிற வாக்கியம் பொய்னு தெரிஞ்சுக்க கால்நடை மருத்துவம் படிக்க வேணாம், காலண்டர் பார்க்கத் தெரிஞ்சா போதும். எனக்கு அதுகூடத் தோணல.

மிஞ்சின ஏழுல அஞ்சு சேவல், ரெண்டு பெட்டை. பெட்டை நல்லாவே முட்டை போட்டுச்சு. ஆனா அடை உக்காரவே இல்லை. அம்மா கூடையெல்லாம் வச்சுப் பார்த்தாங்க, அது முட்டையைப் போட்டுட்டு திரும்பிக்கூடப் பார்க்காம போயிடுச்சு. அப்பதான் விளங்குச்சு, அது சிறுவிடையும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு. முட்டைக்காகத் தேர்ந்தெடுத்து உருவாக்கின இனங்கள்ல அடை உக்கார்ற குணம் போயிடும், அடை உக்கார்ற நாள்ல முட்டை நின்னு போகுமே. ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த வனராஜா, கிராமப்பிரியா எல்லாம் அப்படித்தான். அது அந்தக் கோழிங்களோட தப்பில்லை, முட்டைக்கு நல்ல கோழிங்க, சொல்லித்தான் கொடுக்கறாங்க. ஆனா அதையே "ஒரிஜினல் நாட்டுக்கோழி"ன்னு சொல்லி வித்தா என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்கு அவர்கிட்டயே போகணும். ஆயா கோழி ஒரு தடவை வாங்கினா தலைமுறைக்கும் ஓடுற சாஃப்ட்வேர். இது மாசாமாசம் சப்ஸ்கிரிப்ஷன். நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்கு இது புரியும்.

2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி கவிழ்ந்தது ஞாபகம் இருக்கா? ஈமு கறி சாப்பிட்டவன் எத்தனை பேர்? அந்த வியாபாரம் ஓடினதே அடுத்து வர்றவனுக்குக் குஞ்சு விக்கிறதுலதான். வர்ற ஆளு நின்னதும் எல்லாம் நின்னு போச்சு. நாட்டுக்கோழி அந்த அளவுக்கு மோசடி இல்லை, கறிக்கும் முட்டைக்கும் நிஜமாவே ஆள் இருக்கு. ஆனா யூட்யூப் அண்ணன்கள் பாதிப் பேர் கடைசியில என்ன நம்பர் கொடுக்கிறாங்கன்னு பாருங்க. கோழி வாங்குறவன் நம்பரா, குஞ்சு விக்கிறவன் நம்பரா?

"அப்ப நாமக்கல், பல்லடத்துல லட்சக்கணக்குல ஒரு நாள் குஞ்சு இறக்குறாங்களே, அதெல்லாம் எப்படி?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பீங்க. நியாயமான கேள்வி. அங்க குஞ்சோட கூடவே தீவனம் வருது, மருந்து வருது, சூப்பர்வைசர் வந்து பார்க்கிறார். கரண்ட் போனா ஜெனரேட்டர். ஒப்பந்தப் பண்ணையில குஞ்சு செத்தா கம்பெனிக்கும் நஷ்டம், அதனால சாக விடமாட்டான். அதே குஞ்சு எங்க குப்பத்துக்கு வர்றப்ப கூட எதுவும் வர்றதில்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒரு நாள் குஞ்சுங்கறது பண்ணைக்கான சரக்கு. கொல்லைக்கானது இல்லை.

இது எனக்கு மட்டும் வந்த ஞானோதயம்னு நினைக்காதீங்க. அரசாங்கத்துக்கே தெரியும். 2024-25-ல தமிழ்நாடு அரசு கிராமத்துப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்துல 40 நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்த திட்டத்துல, கொடுத்தது நாலு வாரக் குஞ்சு. ஏன் நாலு வாரம்? பஞ்சு போய் இறகு முளைக்கிற வரைக்கும், முதல் ஊசிங்க போட்டு முடிக்கிற வரைக்கும் உள்ள பாரத்தை அந்தப் பெண் தலையில ஏத்தக் கூடாதுன்னுதான். அரசாங்கத்தைத் திட்டி இந்தப் பக்கத்துல எத்தனையோ எழுதியிருக்கேன். இதுல அவங்க செஞ்சது சரி. நாலு வாரக் குஞ்சுக்கு விலை கூடத்தான். அந்தக் கூடுதல் விலைதான் உண்மையான விலை. 45 ரூபாய்க் குஞ்சு எனக்குக் கடைசியில என்ன விலை ஆச்சுன்னு அதே எக்செல்ல போட்டுப் பாருங்க. ஏழு கோழிக்கு 2250 ரூபாய், பார்சல் காசு தனி, எங்க பழைய நாலு கோழி, அத்தையோட ஆறு கோழி.

நல்லது செய்யறேன்னு வர்ற கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. மீன் குறைஞ்சு போச்சு, மீனவப் பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரம்னு பேனர் கட்டி, அட்டைப்பெட்டியில குஞ்சைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போறவங்க. முகத்துவாரம் அடைக்கிறதுக்கும் மீன் குறையறதுக்கும் கோழிக்குஞ்சு பதில் இல்லைங்க, அது தனிக் கதை. அதைக் கூட விடுங்க. குஞ்சு கொடுக்கிறதா இருந்தா ஆறாவது வாரம் வந்து ஒரு போட்டோ எடுங்க. எத்தனை நிக்குதுன்னு பார்ப்போம்.

சரி, திட்டினது போதும். என்னதான் செய்யணும்கிறே?

கால்நடை மருந்தகங்கள்ல சனிக்கிழமை சனிக்கிழமை நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இலவசமா போடறாங்க. பிப்ரவரியில ரெண்டு வாரம் ஊர் ஊரா முகாம் வேற. அத்தையோட கோழிங்க செத்தது அந்த முகாமுக்கு ஒரு மாசம் முன்னாடி. அப்ப ஏன் எங்க குப்பத்துல யாரும் சனிக்கிழமை போறதில்லை? நாலு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி எவ போவா? அதுவும் மீன் விக்கிற சனிக்கிழமை. மருந்துக் குப்பியும் நூறு கோழிக்கு ஒரு குப்பின்னுதான் வருது. கலக்கினா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தீர்த்துடணும், குளிர்ச்சியா வச்சிருக்கணும், வெயில் படக்கூடாது. தனி வீட்டுக்கு ஆகிற காரியம் இல்லை இது. ஊரே சேர்ந்தாத்தான் ஆகும்.

ஊர் சேர்றது எங்களுக்குத் தெரியாதா என்ன? பழவேற்காட்டு ஏரியில பாடுன்னு ஒரு முறை இருக்கு. எந்த ஊரு, எந்த வீடு, எந்த நாள், எந்த இடத்துல வலை போடணும்னு சீட்டுக் குலுக்கி, முறை வச்சுப் பிரிச்சுக்கிறது. அதுல சண்டை உண்டு, யாருக்கு இடம் இருக்கு யாருக்கு இல்லைங்கிற வழக்கும் உண்டு. ஆனாலும் தலைமுறை தலைமுறையா அது நடக்குது. வலைக்கு முறை வைக்கத் தெரிஞ்ச ஊருக்கு, மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை யாரு போய் மருந்து கொண்டுவரணும்னு முறை வைக்க முடியாதா? குளிர்ச்சிக்குப் பெட்டி வேணும்னா, தமிழ்நாட்டுல எந்தக் கிராமத்துலயும் இல்லாத அளவுக்கு எங்க குப்பத்துல ஐஸ் பெட்டி இருக்கு! காலங்காத்தால மீன் போற அதே தெர்மோகோல் பெட்டி.

இதை ஏற்கெனவே செஞ்சு காட்டின ஊருங்க இருக்கு. ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல ஐ-2ன்னு ஒரு தடுப்பு மருந்து, வெக்கையை ஓரளவு தாங்குற மாதிரி, கிராமத்துக் கோழிக்காகவே உருவாக்கினாங்க. மொசாம்பிக்ல, தான்சானியாவுல கிராமத்து ஆளுங்களுக்கே கத்துக் கொடுத்து, வருஷத்துக்கு மூணு தடவை வீடு வீடா கண்ணுல சொட்டு விட வச்சாங்க. கண்ணுல ஒரு சொட்டு விட டாக்டர் தேவையில்லை, பொறுமை இருந்தா போதும். நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமும் தீனியோட கொடுக்கிற மாதிரி வெள்ளைக்கழிச்சலுக்குக் குருணை மருந்து ஒண்ணு உருவாக்கியிருக்கு. கையில இருக்கிறதை வாசல் வரைக்கும் கொண்டு வர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்க தெருவுல போன வருஷம் ஆடியில ஆரம்பிச்சோம். பதினாலு வீடு. அம்மாதான் கணக்குப் பிள்ளை, ஒரு பழைய காலண்டர் பின்பக்கம் எந்த வீட்டுல எத்தனை கோழின்னு கோடு போட்டு வச்சிருக்காங்க. மருந்தக ஊழியர் ஒருத்தர், நல்ல மனுஷன், எப்படிச் சொட்டு விடறதுன்னு காட்டிக் கொடுத்தார். விடியக்காலம் கோழியைக் கூண்டைத் திறந்து விடறதுக்கு முன்னாடியே முடிச்சிடறாங்க. எக்செல் எதுவும் இல்லை. நான் போட்டுத் தரேன்னேன், "நீ சும்மா இரு"ன்னாங்க :-)

அத்தைக்கு நான் கோழி வாங்கிக் கொடுத்தேன். குஞ்சு இல்லை. ஊசி போட்ட ரெண்டு வளர்ந்த பெட்டை, பக்கத்து ஊர்ல இருந்து, ரெண்டு வாரம் தனியா கட்டி வச்சு நோய் இல்லைன்னு பார்த்த பிறகு. அதுல ஒண்ணு அடை உக்காந்தது. பதினொரு குஞ்சு. அது பின்னாடியே போய்ப் பார்த்தேன் ஒரு நாள் பூரா. மழைத் தூத்தல் விழுந்ததும் ஒரு சத்தம் போட்டுச்சு, பதினொண்ணும் றெக்கைக்குள்ள போயிடுச்சு. ஒரு கால் மட்டும் வெளிய தெரிஞ்சது.

ஆக, நண்பரே, நம்பர் கேட்டீங்க இல்லையா, இதான் பதில். அம்மாவுக்குக் கோழி வேணும்னா பக்கத்து ஊர்ல அடை உக்கார்ற பெட்டை ரெண்டு வாங்குங்க. குஞ்சுதான் வேணும்னா நாலு வாரத்துக்குக் குறைஞ்சதைத் தொடாதீங்க. எந்தத் தேதியில எந்த ஊசின்னு பில்லுல எழுதிக் கேளுங்க. எழுத மாட்டேன்னா போனை வச்சிடுங்க. ஒரு நாள் குஞ்சுதான் கிடைக்குதுன்னா, வீட்டுல அடைக்கோழி இருக்கிறப்ப மட்டும் பத்து வாங்கி, ராத்திரி இருட்டுல அதுக்கு அடியில முட்டையை எடுத்துட்டு வச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஏத்துக்கும். 100 வேண்டாம்.

பி.கு. 1: காலையில இந்தப் பதிவோட சுருக்கத்தை நண்பர்கிட்ட சொல்லிட்டேன். "சரி மச்சி, அப்ப ஆடு வாங்கலாமா?"ன்னார். யாராவது ஆட்டுல அடிபட்டவங்க இருந்தா பின்னூட்டத்துல வந்து இவரைக் காப்பாத்துங்க.

பி.கு. 2: பொன்னேரிச் சந்தையில, திருவிழாவுல பச்சை, ரோஸ் சாயம் போட்டுக் கூடையில விக்கிறாங்களே குஞ்சு, புள்ளைங்க அழுதுன்னு வாங்கிக் கொடுக்காதீங்க. அதுல பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு உதவாதுன்னு ஒதுக்கின சேவல் குஞ்சு. ஜெர்மனியில 2022-ல இருந்து அப்படிக் குஞ்சுகளைக் கொல்றதையே தடை பண்ணிட்டாங்க. இங்க சாயம் பூசிப் புள்ளைங்க கையில கொடுத்து சாகடிக்கிறோம்.